உப்புக் காற்றில் மரப்பெரணி: ராமநாதபுரம் கடற்கரையில் ஸ்போரிலிருந்து வளர்ப்பது குறித்து

கொடைக்கானல், ஊட்டி, வால்பாறைப் பக்கத்து நாற்றுப்பண்ணைகளில் இருந்து ஒரு மரப்பெரணியை வாங்கி வந்து மண்டபத்திலோ கீழக்கரையிலோ வீட்டு முற்றத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலில் இலை நுனிகள் கருகும். அடுத்து, புதிதாகச் சுருண்டு வரும் தளிர் விரியாமலே காய்ந்து நிற்கும். சித்திரை முடிவதற்குள் செடி பட்டுப்போகும். வெயில் தாங்கவில்லை என்று காரணம் சொல்வது வழக்கம். அது பொய்யில்லை, ஆனால் முழுக் காரணமும் அன்று. நல்ல நிழலில் வைத்தாலும் பெரும்பாலும் இதே முடிவுதான் வருகிறது. கடலோரக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும்போது ஈரத்தை விரும்பும் பெரணி ஏன் பிழைக்கவில்லை என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

அதற்கு விடை காண, மரப்பெரணியின் உடலமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். பெயரில் மரம் இருந்தாலும் அதன் தண்டில் மரக்கட்டை கிடையாது. வேம்பும் பூவரசும் ஆண்டுதோறும் பருப்பதற்குக் காரணமான கேம்பியம் என்ற வளர்திசு பெரணிகளுக்கு இல்லை. நிமிர்ந்து நிற்கும் ஒரு மட்டத்தண்டும், அதைச் சுற்றிலும் கீழ்நோக்கி இறங்கிப் பின்னிக் கொள்ளும் கருத்த வேர்களின் அடுக்குமே நாம் தண்டு என்று காண்பது. வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு; அது கருகினால் பெரும்பாலான இனங்களில் செடியே முடிந்துபோகும். தங்கச்சிமடத்தில் பந்தல் நிழலில் மணலில் குச்சிகளை ஊன்றி மல்லிகை நாற்று உருவாக்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கைத்திறன் இங்கே பயன்படாது. சயாத்தியா வகை மரப்பெரணியின் தண்டை வெட்டி ஊன்றினால் அது துளிர்ப்பதில்லை, பக்கக்கன்று விடுவதும் அரிது. ஆஸ்திரேலியாவின் டிக்சோனியா அண்டார்க்டிகா போன்ற சில இனங்கள் மட்டுமே வெட்டிய தண்டிலிருந்தும் வேர்விட்டுப் பிழைக்கும் இயல்புடையவை. ஆக, புதிய செடிக்கு இயற்கை வைத்திருக்கும் பொதுவழி, இலையடியில் விளையும் நுண்தூளான ஸ்போர் ஒன்றே.

இப்போது காற்றின் ஈரத்துக்கு வருவோம். ஈரப்பதம் 70 சதவீதம் என்று வானிலைக் குறிப்பில் படிக்கும்போது, அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய மொத்த நீராவியில் 70 பங்கு நிரம்பியிருக்கிறது என்பதே பொருள். வெப்பம் ஏற ஏறக் காற்றின் கொள்ளளவும் ஏறுவதால், மீதியுள்ள வெற்றிடமும் பெருகுகிறது. 18 டிகிரி வெப்பத்தில் 90 சதவீத ஈரப்பதம் கொண்ட சோலைக்காட்டுக் காற்றையும், 34 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் கொண்ட பாம்பன் காற்றையும் கணக்கிட்டு ஒப்பிட்டால், இலையிலிருந்து நீரை உறிஞ்சும் வலு பின்னதில் ஏறக்குறைய எட்டு மடங்கு அதிகம். நம் உடலில் வியர்வை உலராமல் பிசுபிசுக்கும் அதே காற்று பெரணிக்கு வறண்ட காற்றாக இருப்பதன் சூட்சுமம் இதுதான். பெரணியின் தண்டிலும் இலைக்காம்பிலும் நீரை ஏற்றுவன டிரக்கீடுகள் என்ற குறுகிய நுண்குழல் செல்கள். பூக்கும் தாவரங்களுக்குள்ள அகன்ற சைலக்குழாய்கள் மரப்பெரணிகளுக்கு இல்லை. தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தாலும், இரண்டு மூன்று மீட்டர் நீள இலைக்கு அது போய்ச் சேரும் வேகம், இலை இழக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நாள் முழுவதும் வீசும்போது இந்த இழப்பு இன்னும் கூடுகிறது.

இரவின் வெப்பம் இன்னொரு சங்கடம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. கடலின் அண்மையால் பாம்பன், ராமேசுவரம் பகுதிகளில் பகலுக்கும் இரவுக்குமான வெப்ப வேறுபாடு குறைவு. மார்கழி, தை மாதங்களில்கூட இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. செடி பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் சுவாசத்தில் செலவிடுகிறது. இரவு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு செலவு. குளிர்ந்த மலையிரவுக்குப் பழகிய இனம் இங்கே பகல் வரவு முழுவதையும் இரவிலேயே இழந்துவிடுகிறது. தாஸ்மானியாவின் பனியையும் தாங்கக்கூடிய டிக்சோனியாவை இந்தக் கரைக்கு வாங்கி வருவது, என் மதிப்பீட்டில், காசைக் கடலில் போடுவதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். ராமநாதபுரம் கடலோரத்துக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புக் கரிப்பது எல்லோரும் அறிந்ததே; காவிரி கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் புழக்கத்துக்கு ஆழ்துளைக் கிணற்றையே நம்பும் வீடுகள் ஏராளம். தென்னையும் பனையும் ஓரளவு உப்பைப் பொறுக்கும். மலையோடைக் கரையில், அமிலத்தன்மையுள்ள இலைமக்கில் வேர்விடும் மரப்பெரணி பொறுக்காது. தொட்டியில் ஊற்றும் நீர் ஆவியாகப் போய்விட, உப்பு மட்டும் தங்கித் தங்கி வேரைச் சுற்றிச் சேர்கிறது. நுனிக் கருகலைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே நீரை மேலும் ஊற்றுவது நோயை வளர்ப்பதாகவே முடியும். கடலோர மணலில் சிப்பியும் பவளத்துணுக்கும் கலந்திருப்பதால் சுண்ணாம்பும் மிகுதி. அதில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் இளந்தளிர் வெளிறிப் போகும்.

இவ்வளவையும் படித்துவிட்டு இம்மாவட்டம் பெரணிகளுக்கே ஆகாத நிலம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. கண்மாய்க் கரையிலும் வயல் ஈரத்திலும் நாலிலையாகப் படர்ந்து, கீரையாக வீட்டுக்கு வரும் ஆரை ஒரு பெரணிதான். மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் வளர்க்கும் அசோலாவும் நீரில் மிதக்கும் ஒரு பெரணி. கண்மாய் வறண்டு வெடித்த பின்னும் ஆரையின் கடினமான வித்துக்கூடுகள் சேற்றுக்குள் உயிரோடு கிடக்கின்றன. பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்த கூடுகளும் நனைந்ததும் முளைப்பதுண்டு. வெப்பமண்டலக் கழிமுகங்களில் அலையாத்தி மரங்களோடு சேர்ந்து வளரும் அக்ரோஸ்டிகம் ஆரியம் என்ற பெரும்பெரணி உவர்நீரிலேயே நிற்கும். பெரணிக் குலத்துக்கு வெப்பமோ உப்போ அந்நியமல்ல. நாம் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் எங்கிருந்து வந்தவர் என்பதுதான் கேள்வி.

அந்த வகையில் மரப்பெரணிகளுக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படுபவற்றுள் சயாத்தியா கிரினிடா உயர்ந்த சோலைக்காடுகளுக்கு உரியது, அருகிவரும் இனமும்கூட; அதை இங்கே நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். கருத்த இலைக்காம்புகளைக் கொண்ட சயாத்தியா ஜைகான்டியா தாழ்வான உயரங்களிலும், ஓரளவு வெளிச்சம் விழும் ஓடைக்கரைகளிலும் வளர்வது. வடகிழக்கு இந்தியாவிலும் பரவியிருப்பது. சமவெளியில் முயன்று பார்க்கத் தகுந்த உள்நாட்டு இனம் இதுவே. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலோரத்தைச் சேர்ந்த சயாத்தியா கூப்பரி வேகமாக வளரும், வெப்பத்தையும் ஒப்பளவில் தாங்கும். அதே வேகத்தால் ஹவாய்த் தீவுகளின் காடுகளில் ஆக்கிரமிப்புச் செடியாக மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் வறண்ட கரையில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் மலையில் வீடு வைத்திருக்கும் உறவினருக்குக் கன்று கொடுத்தனுப்பும்போது யோசிக்க வேண்டும். உண்மையான மரப்பெரணிக் குடும்பத்தைச் சேராவிட்டாலும், பசிபிக் தீவுகளின் பிளெக்னம் ஜிப்பம் முழங்கால் உயரத்துக்குத் தண்டு எழுப்பிக் குடைபோல விரியும். கடலோர வீட்டுக்கு அதன் அளவும் இயல்பும் எல்லாவற்றையும்விடப் பொருந்தும். ஸ்போர் விதைப்பைக் கற்றுக்கொள்ளவும் அதிலிருந்தே தொடங்கலாம்.

ஸ்போர் முளைக்கும் விதம் வெகுகாலம் புதிராகவே இருந்தது. பூவும் காயும் இல்லாத செடி எப்படிப் பெருகுகிறது என்று தெரியாமல், கண்ணுக்குப் புலப்படாத விதை ஒன்று அதற்கு உண்டு என்று ஐரோப்பியர் நம்பினார்கள். ஜமைக்காவில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் லிண்ட்சே பெரணித் தூளைத் தொட்டி மண்ணில் தூவி, நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்து, அது முளைத்துச் செடியாவதை விவரித்த கட்டுரை 1794-இல் வெளிவந்தது. தூளுக்கும் செடிக்கும் இடையில் வேறொரு தலைமுறை முழுவதும் ஒளிந்திருக்கிறது என்பது 1848-இல் சுமின்ஸ்கி, 1851-இல் ஹாஃப்மைஸ்டர் ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பிறகே தெளிந்தது. ஸ்போர் முளைத்தால் நேரே பெரணி வருவதில்லை. இதய வடிவில், நகத்தளவே ஆன, வேரும் தண்டும் இல்லாத ஒரு பச்சைத் தகடு வருகிறது; புரோதாலஸ் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது அதுதான். அதன் அடிப்புறத்தில் ஆணுறுப்புகளும் பெண்ணுறுப்புகளும் தோன்றுகின்றன. ஆண் அணு நீந்திச் சென்று முட்டையை அடைய வேண்டும். அதற்கு ஒரு மெல்லிய நீர்ப்படலம் கட்டாயம் தேவை. கருவுற்ற பிறகு அந்தத் தகட்டிலிருந்தே முதல் பெரணிக் கன்று எழுகிறது. இந்த இரண்டு கட்டங்களையும் மனதில் வைத்துக்கொண்டால் வளர்ப்பு முறையின் ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கும்.

முதலில் தூளைச் சேகரிக்க வேண்டும். முதிர்ந்த இலையின் அடிப்புறத்தில் புள்ளிபுள்ளியாக இருக்கும் சோரஸ்கள், அதாவது ஸ்போர்ப்பைக் கொத்துகள், வெளிர்பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும் நேரமே சரியான பருவம். கிழிந்து நைந்தவை ஏற்கெனவே காலியானவை. ஒவ்வொரு ஸ்போர்ப்பையையும் சுற்றித் தடித்த செல்களாலான ஒரு வளையம் இருக்கிறது. அது உலரும்போது பின்னோக்கி வளைந்து, ஓர் எல்லையில் கவண்போல் விடுபட்டு உள்ளே இருக்கும் ஸ்போர்களை வீசியெறிகிறது. ஆகவே இலைத்துண்டை அடிப்புறம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, காற்றுப்படாத உலர்ந்த அறையில் ஓரிரு நாள் விட்டால் போதும். பிறகு தாளைச் சற்றே சாய்த்துத் தட்டினால் உமி போன்ற வெற்றுப்பைகள் உருண்டு விழும். தாளோடு ஒட்டி நிற்கும் நுண்தூளே நமக்குத் தேவையானது. சயாத்தியா ஸ்போர்களில் பச்சையம் இல்லாததால், காகித உறையில் மடித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆனாலும் புதிய தூளுக்கு நிகரில்லை.

எங்கிருந்து சேகரிப்பது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சயாத்தியா இனங்கள் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. ஆர்க்கிட் வளர்ப்புக்காக அவற்றின் நார்த்தண்டுகளை உலகெங்கும் வெட்டி விற்றதும் இக்கட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம். காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் இலையைக் கிள்ளுவதுகூடச் சட்டப்படி குற்றமாகலாம். நாற்றுப்பண்ணையிலோ தனியார் தோட்டத்திலோ வளரும் செடியின் ஒரு சிற்றிலையைக் கேட்டு வாங்குவதே முறை. ஒரு சிற்றிலையில் உள்ள தூள் ஊருக்கே போதும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய மரப்பெரணிகளை ஸ்போர்களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் பெருக்கும் பணி பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நடந்திருக்கிறது. காட்டைத் தொடாமலே இனத்தைப் பெருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

விதைப்பதற்கு மூடியுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவே போதும். லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு 1829 வாக்கில் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவைப் பொரிக்க வைப்பதற்காக ஈரமண்ணோடு மூடிவைத்த கண்ணாடிப் புட்டிக்குள் தானாகவே ஒரு பெரணி முளைத்தது. புகை மண்டிய லண்டன் காற்றில் பிழைக்காத பெரணி மூடிய புட்டிக்குள் செழித்ததைக் கண்டுதான் அவர் கண்ணாடிப் பெட்டி முறையை உருவாக்கினார். பின்னாளில் கடல்கடந்து செடிகளைக் கொண்டுவர அவ்வகைப் பெட்டிகளே பயன்பட்டன. வெளிக்காற்று எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் பெட்டிக்குள் வேறொரு காலநிலை நிலவும் என்பதே அதன் அடிப்படை. ராமநாதபுரத்தில் மரப்பெரணியின் மிக எளிய பருவம் ஸ்போர்ப் பருவம் என்று நான் கருதுவதற்கும் காரணம் இதுவே: டப்பாவுக்குள் இருக்கும்வரை கச்சானும் இல்லை, உப்பும் இல்லை.

உள்ளே இடும் ஊடகத்தில் சிக்கனம் கூடாது. தேங்காய் நார்த்தூள் எளிதில் கிடைக்கும். ஆனால் மட்டைகளை உவர்நீரில் ஊறவைத்துப் பெற்ற தூளில் உப்பு மிகுதியாக இருப்பதால், மழைநீரிலோ குடிநீரிலோ பலமுறை அலசிப் பிழிய வேண்டும். மழைநீரைச் சேமிக்கும்போதும் முதல் மழையை வடிந்துபோக விடுவது நல்லது, ஏனெனில் மாதக்கணக்கில் கடற்காற்று படியவைத்த உப்பு மொட்டைமாடியில் காத்திருக்கும். மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்துவிடும். பத்துச் சதுர மீட்டர் தளத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் என்பது நேர்கணக்கு. இரண்டு மூன்று தொட்டிகளுக்கு நெடுநாள் காணும். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் ஏறத்தாழ உப்பற்றதே. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீர் அதற்கு நேர்மாறு, அதைப் பெரணிப் பக்கம் கொண்டுவரவே கூடாது.

அலசிய நார்த்தூளை டப்பாவில் இரண்டு விரற்கடை அளவுக்குப் பரப்பி, கொதிக்கும் நீரை ஊற்றி மூடிவைத்து, நன்றாக ஆறிய பிறகு மிகுதி நீரை வடித்துவிட வேண்டும். பாசியும் பூஞ்சையும் ஸ்போரைவிட வேகமாக வளர்பவை என்பதால் இந்தப் படியில் காட்டும் அசட்டை பின்னால் திருத்த முடியாததாகிவிடும். தூளைத் தாள்முனையிலிருந்து மிக மெல்லியதாகத் தூவ வேண்டும். மேலே மண் போட்டு மூடக்கூடாது, முளைப்புக்கு ஒளி தேவை. அடர்த்தியாகத் தூவினால் வேறொரு கேடும் உண்டு: பல பெரணி இனங்களில் முந்தி வளரும் புரோதாலஸ்கள் சுரக்கும் ஒருவகை வேதிப்பொருள் பக்கத்திலுள்ளவற்றை ஆணாகவே மாற்றிவிடுகிறது. தட்டு நிறையப் பச்சை இருக்கும், கன்று வராது.

பெரும்பாலான மரப்பெரணி ஸ்போர்களுக்கு 20 முதல் 25 டிகிரி வெப்பம் உகந்தது. நம் கரையில் அதற்கு மிக நெருங்கி வருவது கார்த்திகையும் மார்கழியும்தான். விதைப்புக்கு வேறு மாதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேர்வெயில் படாத வடக்குச் சன்னல் ஓரமோ, எல்.இ.டி. விளக்கின் கீழோ வைத்தால் சில வாரங்களில் ஊடகத்தின் மேல் பச்சை மினுக்கம் தெரியும். தை, மாசியில் இதய வடிவத் தகடுகள் தெளிவாகும். அப்போது கொதித்து ஆறிய மழைநீரைப் பூந்தூறலாகச் சிலமுறை தெளிப்பதுதான் ஆண் அணுவுக்கு வழி அமைத்துத் தருவது. பலர் டப்பாவைத் திறக்கவே அஞ்சி இந்தத் தூறலைத் தவிர்த்துவிட்டு, தகடுகள் மாதக்கணக்கில் தகடாகவே இருப்பதைப் பார்த்துச் சலிக்கிறார்கள். பங்குனி, சித்திரை வாக்கில் தகடுகளின் நடுவிலிருந்து நூல்போன்ற காம்பும் சிறு இலையும் எழும்.

இங்கேதான் நம் வட்டாரத்துக்கென்று ஒரு மாற்றம் தேவைப்படுகிறது. குளிர்நாட்டு வழிகாட்டிகள் கன்று மூன்று நான்கு இலை விட்டதும் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்கச் சொல்லும். நம் நாட்காட்டியில் அந்தத் தருணம் நேராக அக்கினி நட்சத்திரத்தில் போய் விழுகிறது. அதைத் தாண்டினால் கச்சான் காற்று. எனவே கன்றுகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, உயரமான வேறொரு மூடிய பெட்டிக்கு மாற்றி, வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில் புரட்டாசி வரை அடைத்தே வைத்திருப்பது நல்லது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வெயிலின் வேகம் தணிந்த பிறகு, வாரத்துக்குக் கொஞ்சமாக மூடியைத் தளர்த்தலாம். ஏறக்குறைய ஓராண்டு பெட்டிக்குள் இருப்பதால் செடிக்குக் கேடில்லை. அவசரப்பட்டு வைகாசியில் திறந்தால் ஒரே பிற்பகலில் எல்லாம் சுருண்டுவிடும். நூறு கன்றுகளில் பத்து பிழைத்தாலும் ஸ்போர் வழியில் நட்டமில்லை. அந்தப் பத்தும் இந்த வெப்பத்தைத் தாங்கியவை என்பது, மலையிலிருந்து விலைக்கு வாங்கிய ஒற்றைச் செடிக்கு இல்லாத அனுகூலம்.

தொட்டிக்கு மாற்றும்போது இலைமக்கும் அலசிய நார்த்தூளும் சம அளவு, அவற்றோடு சீமைக்கருவேல மூட்டக்கரியைச் சிறு துண்டுகளாக உடைத்துக் கழுவிச் சேர்க்கலாம். கரி நம் மாவட்டத்தில் எங்கும் கிடைப்பது, வேருக்குக் காற்றோட்டம் தருவது. ஆனால் ஒட்டியிருக்கும் சாம்பல் காரத்தன்மை கொண்டதால் கழுவாமல் போடக்கூடாது. வீட்டின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கம், மேற்குக் காற்றுக்குச் சுவர் மறைப்பு, மேலே 75 சதவீத நிழல்வலை, சுற்றிலும் பனையோலைத் தட்டி, தரையில் நனைத்த மணல் ஆகியவை சேர்ந்தால் ஒரு சிறு ஈரமூலை உருவாகும். இனம் பிளெக்னமாக இருந்தால் இதுவே தாராளம். சயாத்தியாவுக்குக் கோடை மாதங்களில் தட்டியையும் தண்டையும் ஒருநாளில் இரண்டு மூன்று தரம் நனைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அதன் தண்டைப் போர்த்தியிருப்பதும் வேர்தான். மூன்று மாதத்துக்கொரு முறை தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு மழைநீரை ஊற்றி அடியில் வடியவிட்டால் சேர்ந்த உப்பு கழுவப்படும். நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்கள் ஊற்றும் நீரை 150 பி.பி.எம்.-க்குக் கீழே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. உரம் பெயரளவுக்கு, அதுவும் மழைக்காலத்தில் மட்டும், நீர்த்த கரைசலாகவே கொடுக்க வேண்டும். தண்டு என்று சொல்லத்தக்க ஒன்று தரைக்கு மேல் தெரிய நல்ல மலைச்சூழலிலேயே பல ஆண்டுகள் ஆகும். இங்கே அதைவிடக் கூடுதலாகவே ஆகும், அதுவரை அது குடைவிரித்த தரைப்பெரணியாகவே நிற்கும்.